பதினோரு பேரை அறிந்தவர்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. இவர்களுக்குக் கொம்பு கிடையாது, வால் கிடையாது. பார்வைக்கு உங்களையும் என்னையும் போலத்தான் இருப்பார்கள். வரிசையில் நமக்கு முன்னால் நிற்பார்கள், பேருந்தில் நமக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் மின்சாரம் போகட்டும், வெங்காயம் விலை ஏறட்டும், எங்கோ ஒரு பாலம் இடிந்து விழட்டும், அல்லது எதுவுமே நடக்காமல் ஒரு நாள் சும்மா கழியட்டும், உடனே கழுத்தை நம் பக்கம் நீட்டி, குரலை இறக்கி, ஒரு கேள்வி கேட்பார்கள்:

“இதுக்குப் பின்னாடி யார் இருக்காங்க தெரியுமா?”

நமக்குத் தெரியாது. நமக்குத் தெரியாது என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த மகிழ்ச்சியில்தான் அவர்களுடைய பொழுது ஓடுகிறது.

இவர்கள் எங்கே உற்பத்தியாகிறார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் நாவல்களில். தலையணைத் தடிமனில், அட்டையில் ஒரு கண்ணோ சாவித்துவாரமோ கையுறை போட்ட கையோ தங்க நிறத்தில் பளபளக்கும் நாவல்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றில். அந்த நாவல்களில் ஒரு பாதாள அறை இருக்கும். அதில் வட்டமான மேஜை இருக்கும். அதைச் சுற்றி, ஒரே மாதிரி மோதிரம் அணிந்த சிலர், தும்மாமல் இருமாமல் கழிப்பறைக்குக்கூட எழுந்து போகாமல் உட்கார்ந்து, அடுத்த ஆண்டு எந்த நாட்டில் போர், எந்த நாட்டில் பஞ்சம், எந்தத் தேர்தலில் யார் வெற்றி, பெண்களின் செருப்புக் குதிகால் எவ்வளவு உயரம் என்பது வரை முடிவு செய்துகொண்டிருப்பார்கள். நீங்களும் நானும் இதைப் படித்து, நன்றாக இருக்கிறதே என்று சொல்லி, புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போவோம். இந்த இனத்தார் புத்தகத்தை மூடுவதில்லை.

எனக்குத் தெரிந்த ஒருவரைச் சொல்கிறேன். அவரைத் தெரிந்துகொண்டால் இனம் முழுவதையும் தெரிந்துகொண்ட மாதிரி.

அவர் குடிநீர் வழங்கும் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு மேற்பார்வையாளர். நேர்மையானவர், சுத்தமானவர், யாரையும் அதட்டிப் பேசாதவர். அலுவலகத்தில் அவருக்கு ‘பதினொண்ணு’ என்று பெயர். நேரில் கூப்பிடும்போது மரியாதைக்காகப் பின்னால் ஒரு ‘சார்’ சேர்ப்பார்கள். ஏனென்றால் உலகத்தை ஆட்டிவைக்கிறவர்கள் மொத்தம் பதினோரு பேர் என்று அவர் கண்டுபிடித்திருந்தார். அதாவது, ஒரு நாவலில் படித்திருந்தார். அந்த நாவலின் முதல் பக்கத்திலேயே ‘இதில் வரும் எல்லாம் கற்பனையே’ என்று அச்சிட்டிருந்தது. அதை யாராவது சுட்டிக்காட்டினால் அவர் பரிதாபமாகச் சிரிப்பார்.

“அப்படி அச்சடிக்கச் சொன்னது யாருன்னு நினைக்கறீங்க?”

அவருடைய மகள் ஒரு கட்டடப் பொறியாளரிடம் வரைபடம் வரைகிற வேலையில் இருந்தாள். அவள் ஒருமுறை கேட்டாள்: “ஏம்ப்பா பதினொண்ணு? ஃபுட்பால் ஆடவா?”

“சிரி. நல்லா சிரி. நீ சிரிக்கணும்னுதான் அவங்க எதிர்பார்க்கறாங்க.”

இந்த இனத்தாருக்கு ஒரு விசேஷ குணம் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? தங்கள் வேலையைப் பற்றி மட்டும் இவர்களுக்கு எந்தச் சந்தேகமும் வராது. ஒருநாள் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கோபமாக இவருடைய மேஜைக்கு முன்னால் வந்து நின்று, எங்கள் தெருவில் ஒரு வாரமாகத் தண்ணீர் வரவில்லை, இது திட்டமிட்ட சதி, இதற்குப் பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்றார். நம் ஆளுக்கு வந்ததே கோபம்!

“சதியா? என்ன சார் பேசறீங்க? உங்க தெரு வால்வு துருப்பிடிச்சுப் போச்சு. புதுசு கேட்டு எழுதினோம். அவங்க வேற அளவு வால்வை அனுப்பிட்டாங்க. அதைத் திருப்பி அனுப்பினோம். அது வேற ஊருக்குப் போயிடுச்சு. மாட்டவேண்டிய ஃபிட்டர் அவரோட தங்கச்சி கல்யாணத்துக்குப் போயிருக்காரு. இதுல சதி பண்ண இங்க யாருக்கு சார் நேரம் இருக்கு?”

ஆசிரியர் நம்பாமல் போனார். அவர் போன பிறகு நம் ஆள் தலையில் அடித்துக்கொண்டார். “மக்கள் எதை வேணும்னாலும் நம்பறாங்கய்யா” என்று பக்கத்து மேஜையிடம் அலுத்துக்கொண்டார். அதே மத்தியானம் மின்சாரம் போயிற்று. மின்சார அலுவலகத்தில் வால்வுகள் இல்லை, தங்கைகளுக்குக் கல்யாணம் இல்லை, தப்பான அளவில் எதுவும் வருவதில்லை. அங்கே பதினோரு பேர்தான் இருக்கிறார்கள்.

தன் அலுவலகம் ஒன்றைத் தவிர உலகத்திலுள்ள மற்ற எல்லா அலுவலகங்களும் கடிகாரம் போல இயங்குகின்றன என்று நம்புகிறவரை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்? நான் அவரை நல்லவர் என்றுதான் சொல்வேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

அவருடைய மனைவிக்கு வயிற்றின் வலப்பக்கம் வலி வந்தது. அவள் அதிகம் பேசாதவள். பள்ளிக்கூட நூலகத்தில் வேலை செய்து செய்து அப்படியே பழகிவிட்டது. காலையில் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்.

“என்னங்க, ரெண்டு நாளா இங்க வலிக்குதுங்க. முதுகு வரைக்கும் இழுக்குது.”

“வாயுவா இருக்கும். இந்த வெண்ணெயில என்ன கலக்கறாங்கன்னு நினைக்கறே? வெண்ணெய்க் கம்பெனியும் மாத்திரைக் கம்பெனியும் ஒரே ஆளோடது. ஒண்ணுல வலியைக் கொடுப்பான், இன்னொண்ணுல மருந்தை விப்பான். அந்த ஆளுக்கு மேல யாரு?”

அவள் வெண்ணெயை மூடி வைத்தாள்.

அடுத்த வாரம் மகள் முயன்று பார்த்தாள். “அப்பா, அம்மாவை டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்காங்க.” அவ்வளவுதான். ஸ்கேன் இயந்திரம் என்பது உண்மையில் என்ன, அதற்குள் யாருடைய படம் இருக்கிறது, எல்லா நோயாளிகளுக்கும் ஏன் ஒரே மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு படத்தையே எடுத்துக் கொடுக்கிறார்கள், அதில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் விரலை வைத்து இதுதான் கல் என்று ஏன் சொல்ல முடிகிறது என்றெல்லாம், ஒரு காலில் காலுறையும் ஒரு கையில் இன்னொரு காலுறையுமாக, அலுவலகத்துக்கு நேரமாகும்வரை விளக்கினார். முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் மகள் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தாள். மனைவி துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போயிருந்தாள்.

அங்கே, ஈரத் துணிகளுக்கு நடுவே, கொடியைப் பிடித்துக்கொண்டு அவள் குனிந்து நின்றதை மேல் தளத்தில் குடியிருந்த தையல்காரம்மாதான் பார்த்தாள். தையல்காரம்மாவும் மகளும் சேர்ந்து அவளை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மனைவியின் தம்பி பார்சல் வேன் ஓட்டுகிறவன். அவன் வேனிலேயே போனார்கள். பித்தப்பையில் கல். ஒன்றல்ல, பல. பை வீங்கியிருக்கிறது, எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் ஆபத்து என்றார் டாக்டர்.

சாயங்காலம் மகள் மறுபடியும் தொடங்கினாள். “அப்பா, அம்மாவுக்கு…” தொலைக்காட்சியில் ஏதோ ஒரு நாட்டின் நிதி அமைச்சர் ராஜினாமா செய்துகொண்டிருந்தார். நம் ஆள் கையை உயர்த்தினார். “கொஞ்சம் இரு. இது ஆறு மாசத்துக்கு முன்னாடியே முடிவானது. பார்த்தியா, அவரு மூக்கைத் தொடறாரு பாரு!”

அமைச்சர் மூக்கைத் தொட்டதை எல்லோரும் பார்த்தார்கள்.

அன்றைக்குத்தான் அந்த வீட்டில் ஒரு ரகசியச் சங்கம் உருவாயிற்று. உறுப்பினர் நான்கு பேர்: மனைவி, மகள், மச்சினன், தையல்காரம்மா. கூடும் இடம் சமையலறை. அவர் வீட்டில் இருந்தால் மொட்டை மாடி. வட்ட மேஜை இல்லை, மெழுகுவர்த்தி இல்லை, மோதிரம்கூட தையல்காரம்மா கையில் மட்டும்தான். அதுவும் ஊசி குத்தாமல் இருக்க விரலில் மாட்டிக்கொள்ளும் தகர உறை.

“அப்பாகிட்ட இன்னொரு தடவை பொறுமையா உட்கார வெச்சுச் சொல்லிப் பார்ப்போமா?” என்றாள் மகள்.

“வேண்டாம்” என்றாள் மனைவி. “சொன்னா வேண்டாம்னு சொல்ல மாட்டாரு. கூட வருவாரு. வந்து டாக்டரைக் கேள்வி கேட்பாரு. பல்லு பிடுங்கப் போனப்ப என்ன நடந்துச்சு, ஞாபகம் இருக்கா?”

எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. பல் டாக்டரிடம், வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே, நீங்கள் யாருக்காக வேலை செய்கிறீர்கள் என்று கேட்டிருந்தார். அதற்குப் பிறகு குடும்பமே வேறு பல் டாக்டரைத் தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று.

“பல்லுக்கே அப்படி” என்றாள் மனைவி. “இவங்க என் வயித்துல கத்தி வைக்கப் போறவங்க. அவங்களைக் கோபப்படுத்தக் கூடாது.”

அப்படியே முடிவாயிற்று.

சங்கம் காதும் காதும் வைத்தாற்போல் நடந்தது என்று சொல்ல எனக்கு ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மச்சினனுக்கு வாய் நிற்காது. மகள் ஒருநாள் மருத்துவமனை ரசீதைச் சாப்பாட்டு மேஜையிலேயே மறந்து வைத்துவிட்டுப் போனாள். அவர் அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைத்துக்கொண்டு நாவல் படித்தார். சங்கத்தின் சங்கேத மொழி தையல்காரம்மாவின் உபயம். மாடிப்படியிலிருந்து அவள் குரல் கொடுப்பாள்:

“அக்கா, தையல் வியாழக்கிழமைதானே? காலையில வெறும் வயித்தோட வரச் சொல்லிட்டாங்க, மறந்துடாதீங்க!”

வெறும் வயிற்றோடு போய்த் துணி தைத்துக்கொள்கிற பெண்ணை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ஒரு நிதி அமைச்சர் மூக்கைத் தொட்டால் அதன் பொருளை அறிந்தவர், அப்போது கூடத்தில் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தி, “துணிக்குக் கூலி ரொம்ப ஏத்திட்டாங்க இல்ல?” என்று மட்டும் கேட்டார்.

“ஏத்திட்டாங்க” என்றாள் மனைவி.

இப்போது ஒரே ஒரு சிக்கல்தான் பாக்கி. வியாழக்கிழமை அவரை எங்கே அனுப்புவது? அதற்கு வழி கண்டுபிடித்தவன் மச்சினன். வாய் நிற்காதவனுக்கும் சில நேரங்களில் மூளை வேலை செய்யும். வேறொரு நகரத்தில் புத்தகக் கண்காட்சி. அங்கே, பதினோரு பேரை எழுதிய அதே நாவலாசிரியர் வாசகர்களைச் சந்திக்கிறார். வேனில் வந்த ஒரு விளம்பரத்தாளை மச்சினன் கொண்டுவந்து கொடுத்தான்.

“அத்தான், இது உங்களுக்குப் பயன்படுமான்னு பாருங்க.”

அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பயணச் சீட்டு, தங்கும் அறை எல்லாவற்றையும் மச்சினனே ஏற்பாடு செய்தான். மூன்று நாள் பயணம். புதன்கிழமை காலையில் அவர் புறப்பட்டபோது மனைவி வாசல்வரை வந்தாள். சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். வழக்கமாக அப்படிச் செய்கிறவள் அல்ல.

“பார்த்துப் போயிட்டு வாங்க.”

“போயிட்டு வந்து உனக்கு எல்லாத்தையும் சொல்றேன்” என்றார்.

இதை அவருக்குச் சாதகமாக நான் சொல்லியே ஆக வேண்டும். இருபத்தைந்து வருடமாக உலகத்தின் ரகசியங்கள் எல்லாவற்றையும் அவர் முதலில் சொன்னது மனைவியிடம்தான். அவளைத் தவிர வேறு யாரையும் அவர் முழுதாக நம்பியதில்லை.

கண்காட்சியில் நாவலாசிரியரைக் கண்டுபிடிக்க நேரமாயிற்று. உயரமாக, வெள்ளிப் பிடி போட்ட கைத்தடியுடன், ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறவராக இருப்பார் என்று நம் ஆள் நினைத்திருந்தார். அவரோ குள்ளமாக, கடுமையான ஜலதோஷத்துடன், கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பதிப்பகத்து அம்மா நின்றுகொண்டு ஒவ்வொரு பிரதியாக அவருக்கு முன்னால் தள்ளிக்கொண்டிருந்தாள். வரிசை முழுவதும் கரையும்வரை நம் ஆள் காத்திருந்தார். பிறகு குனிந்து, குரலை இறக்கினார்.

“ஒரே ஒரு கேள்வி சார். பதினோரு பேர்ங்கறதை உங்களுக்கு யார் சொன்னாங்க?”

“யாரும் சொல்லலீங்க” என்றார் நாவலாசிரியர், மூக்கைத் துடைத்துக்கொண்டு. “நான் பன்னிரண்டுதான் வெச்சிருந்தேன்.”

நம் ஆள் இன்னும் குனிந்தார். “பன்னிரண்டாவது ஆள் என்ன ஆனாரு?”

“அவரை எட்டாவது அத்தியாயத்துல ஒரு கப்பல்ல ஏத்திவிட்டேன். அப்புறம் மறந்துட்டேன். இறக்கவே இல்ல. புத்தகம் அச்சாகி வந்தப்புறம்தான் கவனிச்சேன். மறுபதிப்புல பதினொண்ணுன்னு மாத்திட்டோம். அது சுலபமா இருந்துச்சு.”

“அப்போ அவரு இன்னும் கப்பல்லதான் இருக்காரா?”

நாவலாசிரியர் கொஞ்சம் யோசித்தார். “இருக்கணும்” என்று சொல்லிவிட்டுப் பலமாகத் தும்மினார்.

“போதும் சார், ஓய்வெடுங்க” என்று பதிப்பகத்து அம்மா அவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நீங்களும் நானும் அங்கே இருந்திருந்தால், ஒரு களைத்த மனிதர் தன் கவனக்குறைவை வெள்ளையாக ஒப்புக்கொண்டார் என்று நினைத்திருப்போம். நம் ஆள் வேறு மாதிரி பார்த்தார். எழுத்தாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் ஒரு பெண் காவலுக்கு நின்றாள். முக்கியமான இடம் வந்ததும் தும்மச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள். ஆனால் அதற்குள் அவர் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டார். பன்னிரண்டாவது ஆள் உயிரோடு இருக்கிறார். கடலில்.

இந்தச் செய்தியை வயிற்றில் வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமைவரை அந்த ஊரில் எப்படித் தங்குவது? மறுநாளே முதல் ரயிலைப் பிடித்தார். சன்னல் ஓரம் உட்கார்ந்து, மனைவியிடம் எந்த வரிசையில் சொல்லலாம் என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். தும்மலைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்.

வீடு பூட்டியிருந்தது. மனைவி நூலகத்தில் இருப்பாள் என்று நினைத்தார். மேல் தளத்துத் தையல் இயந்திரத்தின் சத்தமும் கேட்கவில்லை. பெட்டியோடு படியில் நின்றவரைக் கீழே சலவைக்கடைக்காரர் பார்த்தார்.

“சார்! அதுக்குள்ள வந்துட்டீங்களா? நீங்க நாளைக்குத்தானே வரணும்?”

“நான் நாளைக்கு வரணும்னு உங்களுக்கு யார் சொன்னது?”

“எல்லாருக்கும் தெரியுமே சார். அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சாம். இப்பத்தான் உங்க மச்சான் ஃபோன் பண்ணாரு. கல்லு கொஞ்ச நஞ்சம் இல்லையாமே!”

ரொட்டிக்கடைப் பெண் கடைக்குள்ளிருந்தே தலையை நீட்டினாள். “கவலைப்படாதீங்க சார், மூணாவது மாடியாம். அடுத்த வாரம் முழுக்க வெண்ணெய் சேர்க்கக் கூடாதாம். எங்ககிட்ட சொல்லி வெச்சிருக்காங்க.”

சலவைக்கடைக்குத் தெரிந்திருந்தது. ரொட்டிக்கடைக்குத் தெரிந்திருந்தது. பள்ளிக்கூடத்துக்கு, மகளின் அலுவலகத்துக்கு, அவருடைய புகார்ப் பிரிவில் பக்கத்து மேஜைக்காரருக்குக்கூடத் தெரிந்திருந்தது. உலகத்தில் அந்த ரகசியம் தெரியாத ஒரே ஆள் பெட்டியோடு படியில் நின்றுகொண்டிருந்தார்.

பெட்டியைச் சலவைக்கடையில் போட்டுவிட்டு டாக்சி பிடித்து ஓடினார்.

மருத்துவமனையைப் பற்றியும் அவருக்குத் திட்டமான கருத்துகள் இருந்தன. வழவழப்பான நடைபாதைகள், சத்தமில்லாத கதவுகள், எதைக் கேட்டாலும் புன்னகைக்கிற ஆட்கள், எல்லாம் மேலிருந்து வரும் கட்டளைப்படி. உள்ளே போனார். வரவேற்பு மேஜையில் இருந்தவர் மனைவியின் பெயரை இரண்டு முறை தேடிவிட்டு, அப்படி யாரும் இல்லை என்றார். மூன்றாவது முறை தேடியபோது பிரசவப் பகுதியில் இருந்தது.

“பிரசவமா? அவளுக்கு ஐம்பது வயசு!”

“தப்பா ஏறியிருக்கு சார். கம்ப்யூட்டர் காலையிலேருந்து ஒரு மாதிரியா இருக்கு. மாத்தச் சொல்லி எழுதியிருக்கோம். ஆள் லீவு.”

அந்த முகம் அவருக்குத் தெரிந்திருந்தது. அது அவருடைய முகம். வால்வைப் பற்றி அந்த ஆசிரியரிடம் பேசும்போது அவர் வைத்துக்கொண்ட அதே முகம்.

மின்தூக்கி வேலை செய்யவில்லை. படியில் ஒரு செவிலி சக்கர நாற்காலியின் ஒரு சக்கரத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, மீதி நாற்காலி எங்கே என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாவது மாடியில் இரண்டு பேர் ஒரு சாவிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் இரண்டிரண்டு படியாக ஏறினார். பதினோரு பேருக்கு அவர் என்றைக்கும் பயந்ததில்லை. அவர்களை அவருக்குத் தெரியும். இது வேறு. இந்த இடம் அச்சு அசல் அவருடைய அலுவலகம் மாதிரி இருந்தது. இங்கே, இவர்களை நம்பி, அவருடைய மனைவியைப் படுக்க வைத்து வயிற்றைத் திறந்திருக்கிறார்கள்.

மூன்றாவது மாடியில், சன்னலை ஒட்டிய கட்டிலில், அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். முகம் வெளுத்துச் சின்னதாகியிருந்தது. மகள் எழுந்து நின்றாள். மச்சினன் சுவரைப் பார்த்தான். தையல்காரம்மா பையை எடுத்துக்கொண்டு, “நான் கடைக்குப் போயிட்டு வந்துடறேன்” என்று நழுவினாள். சங்கம் கலைந்தது.

அவள் கண்ணைத் திறந்தாள்.

“வந்துட்டீங்களா. சாப்பிட்டீங்களா?”

அவர் ரயிலில் ஒத்திகை பார்த்த எதுவும் வாயில் வரவில்லை. “என்கிட்ட ஏன் மறைச்சீங்க?” என்றார்.

“சொன்னோம்ப்பா” என்றாள் மகள். “மூணு தடவை சொன்னோம்.”

அவர் மறுத்துப் பேச வாயெடுத்தார். வெண்ணெய் ஞாபகம் வந்தது. காலுறை ஞாபகம் வந்தது. மூக்கைத் தொட்ட அமைச்சர் ஞாபகம் வந்தார். வாயை மூடிக்கொண்டார். கட்டிலின் ஓரத்தில், அவள் காலில் படாமல் உட்கார்ந்தார்.

“ரொம்ப வலிச்சுதா?”

“வலிச்சுது.”

“எப்பலேருந்து?”

“நான் சொன்ன அன்னியிலேருந்து.”

டாக்டர் வந்தார். இளம்பெண், கண்ணுக்குக் கீழே கருவளையம், தூக்கமில்லாத நடை. மகளிடம் பேனா வாங்கி எழுதினார். சின்னக் குப்பி ஒன்றைக் காட்டினார். உள்ளே மிளகு மிளகாகக் கற்கள். நீங்கள் யாருக்காக வேலை செய்கிறீர்கள் என்று கேட்கப்போகிறார் என்று மகள் அப்பாவின் முழங்கையைப் பற்றினாள்.

அவர் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“டாக்டர்” என்றார். “இங்க யாரு பொறுப்பு?”

“நாந்தான்” என்றார் டாக்டர்.

“உங்களுக்கு மேல?”

“இன்னைக்கு யாரும் இல்ல சார். அவர் லீவு.” மகளின் பேனாவைத் தன் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

அவர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். தோள் லேசாகக் குலுங்கியது. மகள் பதறிப்போய் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கையை நீட்டி அவருடைய கையைப் பிடித்தாள்.

“அந்தப் பதினோரு பேரு நிஜமாவே இருந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்” என்றாள் மெதுவாக. “யாராவது ஒருத்தர்கிட்ட போய், என்னைக் கொஞ்சம் பார்த்துக்கச் சொல்லியிருக்கலாம்.”

அவர் கையை எடுத்துக்கொள்ளவில்லை.

கதை இத்துடன் முடிந்திருந்தால் அவர் திருந்திவிட்டார் என்று நீங்கள் மகிழ்ச்சியாகப் போய் உங்கள் வேலையைப் பார்க்கலாம். அவர் விடுப்பெடுத்து வீட்டில் இருந்தார். வெண்ணெய் இல்லாமல் சமைக்கக் கற்றுக்கொண்டார். மாத்திரையை நேரம் தவறாமல் எடுத்துக் கொடுத்தார். அதன் அட்டையைத் திருப்பி, எந்தக் கம்பெனி என்று பார்க்கவே இல்லை. ஒரு வாரம் அந்த வீட்டில் யாருக்குப் பின்னாலும் யாரும் இல்லை. மகளுக்கே கொஞ்சம் வருத்தமாகிவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்தியம் முடிந்து மனைவி முதல் முறையாகக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்த அன்று, சங்கத்தின் நான்கு உறுப்பினர்களும் அங்கே இருந்தார்கள். தேநீர் குடித்தார்கள். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மச்சினன் பக்கம் திரும்பினார்.

“ஒண்ணு கேட்கறேன், மறைக்காம சொல்லு. நீங்க நாலு பேரு. காசு கிடையாது, படை கிடையாது, ஒருத்தனுக்கு வாய் வேற நிக்காது. சரியா?”

“சரி அத்தான்” என்றான் மச்சினன், கலவரத்துடன்.

“உங்களாலயே ஒரே வீட்டுக்குள்ள என்கிட்ட, அதுவும் என்கிட்ட, இத்தனை நாளா ஒரு விஷயத்தை மறைக்க முடிஞ்சிருக்கு. ஊருக்கே தெரிஞ்சும் எனக்குத் தெரியலை. அப்படின்னா…” கழுத்தை முன்னால் நீட்டினார், குரல் இறங்கியது, கண்ணில் பழைய ஒளி வந்தது. “அவ்வளவு பணமும் படையும் வெச்சிருக்கற பன்னிரண்டு பேரால எவ்வளவு மறைக்க முடியும்? யோசிச்சுப் பாருங்க!”

“பன்னிரண்டா? பதினொண்ணுன்னு சொல்வீங்களே?” என்றாள் தையல்காரம்மா.

“அதைத்தானே சொல்ல வந்தேன். ஒருத்தர் கப்பல்ல இருக்காரு.”

மகள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். மனைவி சிரித்தாள். தையல் இழுத்ததால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “மெதுவா, மெதுவா” என்று அவர் பதறி எழுந்து, முதுகுக்குத் தலையணை வைத்துவிட்டுத்தான் தொடர்ந்து பேசினார். அப்படித் தலையணை வைத்தது புதிது. வேறெதையும் நான் மாற்றம் என்று சொல்ல மாட்டேன்.

நீங்கள் இப்போது புன்னகைக்கிறீர்கள். எனக்கும் ஒரு மனிதரைத் தெரியும், சரியாக இதே மாதிரி என்று யாரோ ஒருவரை நினைத்துக்கொள்கிறீர்கள். அது உங்கள் மாமாவாக இருக்கலாம், மேலதிகாரியாக இருக்கலாம். நீங்கள் அப்படி அல்ல. உங்களுக்குப் பதினோரு பேரும் கிடையாது, பன்னிரண்டு பேரும் கிடையாது. எதையும் ஆராய்ந்து பார்க்காமல் நம்ப மாட்டீர்கள். செய்தியா, சந்தேகப்படுவீர்கள். விளம்பரமா, அதைவிடச் சந்தேகப்படுவீர்கள். மேலே இருக்கிறவர்கள் சொல்வதையும் கீழே இருக்கிறவர்கள் சொல்வதையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்ப்பீர்கள். மிகவும் சரி.

நேற்றுச் சாயங்காலம், முகம் வாடியிருக்கிறதே, என்ன விஷயம் என்று உங்கள் வீட்டில் ஒருவரைக் கேட்டீர்கள். ‘ஒண்ணுமில்ல’ என்றார். நீங்கள் உடனே நம்பிவிட்டு இதைப் படிக்க உட்கார்ந்தீர்கள்.